கரை கரைவது ஏன்? களிமண்ணின் உறுதியும் அதில் ஒட்டியுள்ள உப்பும்

பண்ணைக்குட்டை வெட்டிய உழவர்கள் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "நல்ல களிமண்ணாகப் பார்த்துத்தான் கரை போட்டோம். திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கவும் செய்தோம். முதல் மழைக்குக் குட்டை நிரம்பியதும் கரையின் அடியில் விரல் பருமனுக்கு ஒரு துளை விழுந்தது. விடிவதற்குள் அது ஆள் நுழையும் ஓட்டையாகிவிட்டது. சேர்ந்த தண்ணீர் முழுவதும் பக்கத்துக் காட்டில் நிற்கிறது. எங்கே தவறு நேர்ந்தது?"

இத்தகைய உடைப்புகளுக்கு நண்டு வளை, எலி வளை, வேலையாட்களின் அசட்டை என்று காரணம் சொல்வது வழக்கம். அவையும் காரணமாக இருப்பதுண்டு. ஆனால் வளையே இல்லாத, நன்கு இறுக்கப்பட்ட புதுக்கரையும் ஒரே இரவில் துளைபட்டுப் போகிறது என்றால், அந்த மண்ணின் வேதியியல் தன்மையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பார்வைக்கும் தொடுவதற்கும் ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு களிமண்களில் ஒன்று ஐம்பது ஆண்டுகள் கரையாக நிற்கும். மற்றொன்று தண்ணீர் பட்டதும் பால்போல் கரைந்து ஓடும். இந்த வேற்றுமை எதனால் வருகிறது, அதைக் கரை போடுவதற்கு முன்பே கண்டறிவது எப்படி, கண்டறிந்தால் என்ன செய்வது என்பவற்றை இங்கே பார்ப்போம்.

களித்துகளும் அதன் மின்னூட்டமும்

மண்ணில் 0.002 மில்லி மீட்டருக்கும் குறைவான பருமனுள்ள துகள்களையே களி என்கிறோம். மணல் துகள் உருண்டையாகவோ கோணலாகவோ இருக்கும். களித்துகளோ மிக மெல்லிய தகடு. இத்தகட்டின் முகப்பில் எதிர் மின்னூட்டம் உள்ளது. அதனால் கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம், சோடியம் போன்ற நேர் மின்னூட்டமுள்ள அயனிகளைக் களி தன்மேல் பிடித்து வைத்துக்கொள்கிறது. நாம் இடும் சாம்பல் சத்து மழையில் முழுவதும் அடித்துச் செல்லப்படாமல் நிலத்தில் தங்குவதும் இந்தப் பிடிப்பினால்தான். ஆனால் இந்தப் பிடிப்பு நிலையானது அன்று. மண்ணீரில் எந்த அயனி மிகுதியாக வருகிறதோ அது உள்ளே நுழைந்து, முன்பு இருந்ததை வெளியேற்றும். இதையே அயனிப் பரிமாற்றம் என்கிறோம்.

எல்லாக் களியும் ஒரே அளவு அயனிகளைப் பிடிப்பதில்லை. நம் செம்மண்ணில் பெரும்பான்மையாக உள்ள கயோலினைட் என்னும் களி 100 கிராமுக்கு 3 முதல் 15 மில்லி ஈக்விவலண்ட் வரையே பிடிக்கும். கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசலில் உள்ள மாண்ட்மோரில்லோனைட் வகைக் களி 80 முதல் 150 வரை பிடிக்கும். காரணம் அதன் பரப்பு. ஒரு கிராம் கயோலினைட்டின் துகள் முகப்புகளையெல்லாம் விரித்தால் 10 முதல் 20 சதுர மீட்டர் வரும், அதாவது அரை சென்ட் நிலம்கூட இல்லை. ஒரு கிராம் மாண்ட்மோரில்லோனைட்டைத் தகடு தகடாகப் பிரித்து விரித்தால் ஏறத்தாழ 800 சதுர மீட்டர், அதாவது 20 சென்ட் நிலம்! இந்த 20 சென்ட் முழுவதும் நீர் ஒட்டிக்கொள்ளும் இடம். கரிசல் மழையில் பொங்குவதும் கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடிப்பதும் இதனால்தான்.

ஆக, கரைக்கு வரும் மண்ணின் குணத்தை இரண்டு செய்திகள் முடிவு செய்கின்றன. ஒன்று, களி எந்த வகை என்பது. இதை நாம் மாற்ற முடியாது. மற்றொன்று, களியின்மேல் ஒட்டியிருக்கும் அயனி எது என்பது. இதை மாற்ற முடியும். கூடாத வழியில் மாறிப்போவதும் உண்டு.

படிகாரம் சொல்லும் பாடம்

கலங்கிய ஆற்று நீரைக் குடத்தில் பிடித்துப் படிகாரக் கட்டியை இரண்டு சுற்றுச் சுற்றினால், சிறிது நேரத்தில் கலங்கல் அடியில் படிந்து நீர் தெளிந்துவிடுகிறது. இது நம் வீட்டுப் பெண்கள் நன்கறிந்த செயல். இதற்குள்ளே இருக்கும் வேதியியல்தான் கரை உடைப்பின் வேதியியலும்.

படிகாரத்தில் அலுமினியம் உள்ளது. அலுமினிய அயனிக்கு மூன்று நேர் மின்னூட்டம் உண்டு. களித்துகள்கள் அனைத்தும் எதிர் மின்னூட்டம் உடையவையாதலால் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு நீரில் மிதக்கின்றன. அலுமினியம் துகளின் முகப்பை ஒட்டி நெருங்கி நின்று அந்த விலக்கத்தை அடக்கிவிடுகிறது. துகள்கள் நெருங்கிப் பற்றிக்கொண்டு திரளாகி, பாரம் தாங்காமல் கீழே படிகின்றன.

கால்சியத்துக்கு இரண்டு மின்னூட்டம். அலுமினியம் அளவுக்கு இல்லாவிட்டாலும் அதுவும் துகள்களைச் சேர்த்துப் பிடிக்கும். சோடியத்துக்கு ஒன்றே. மேலும் அது தன்னைச் சுற்றி நீரைத் திரட்டிக்கொண்டு பருத்து நிற்பதால், களியின் முகப்பை ஒட்டி நெருங்குவதில்லை. விலகி விலகியே நிற்கிறது. சோடியம் மிகுந்த களியில் துகள்களுக்கு இடையே உள்ள விலக்கம் அடங்காது. தண்ணீர் புகுந்ததும் ஒவ்வொரு துகளும் தனித்தனியே பிரிந்து மிதக்கத் தொடங்கும். தண்ணீர் ஓட வேண்டும் என்பதுகூட இல்லை. நிற்கும் நீரிலேயே இது நடக்கும்.

இதன் அளவை ஒரு எண்ணால் காணலாம். ஒரு களி கூழ்போல ஓடத் தொடங்குவதற்கு எவ்வளவு நீர் வேண்டும் என்பதைப் பொறியியலார் நீர்ம எல்லை என்று அளக்கிறார்கள். கால்சியம் ஏறிய மாண்ட்மோரில்லோனைட் 100 கிராமுக்கு 510 கிராம் நீர் பிடித்தது. அதே களியில் சோடியத்தை ஏற்றியபோது 710 கிராம் பிடித்தது. கயோலினைட்டில் கால்சியத்துடன் 38, சோடியத்துடன் 53. களி ஒன்றே, ஒட்டிய அயனி மட்டுமே வேறு.

உவரும் களரும் ஒன்றல்ல

உப்புப் படிந்த நிலம் எல்லாவற்றையும் உவர் என்று சொல்லிவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. கரை போடுகிறவருக்கு இந்த இரண்டையும் பிரித்தறிவது மிகவும் தேவை.

உவர் நிலத்தில் கரையும் உப்பு மிகுதி. மின் கடத்தும் திறன் 4 டெசி சைமனுக்கு மேல் இருக்கும். களர் நிலத்தில் கரையும் உப்பு குறைவாகவே இருக்கலாம். ஆனால் களியின்மேல் ஒட்டிய அயனிகளில் 15 சதவிகிதத்துக்கு மேல் சோடியம். கார அமில நிலை 8.5-க்கு மேல். திருச்சி மாவட்டம் மணிகண்டம் வட்டாரம் போன்ற பகுதிகளில் இத்தகைய நிலங்களைக் காணலாம். மழை பெய்தால் நீர் இறங்காமல் நாள்கணக்கில் கலங்கியே நிற்கும். காய்ந்தால் மேல்மண் ஏடு கட்டி இறுகும். கருமையான மெல்லிய படலம் சில இடங்களில் தோன்றும். அது காரத்தில் கரைந்து வந்த அங்ககப் பொருள்.

இங்கே வியப்பான செய்தி ஒன்று உண்டு. நீரில் கரைந்த உப்பு மிகுதியாக இருந்தால், அது எந்த உப்பானாலும், களியைத் திரளாகவே வைத்திருக்கும். ஆறு கடலில் கலக்குமிடத்தில் வண்டல் படிவது இதனால்தான். ஆகவே, சோடியம் ஏறிய களியாலான கரை, உப்புக் கரித்த கிணற்று நீரைத் தேக்கி வைத்திருக்கும் வரை கரையாமல் நிற்கக்கூடும். அதே குட்டையில் உப்பே இல்லாத மழைநீர் வந்து நிரம்பும்போது, திரளைப் பிடித்திருந்த உப்பு கழுவப்பட்டுப் போகிறது. ஒட்டிய சோடியம் மட்டும் அங்கேயே இருக்கிறது. கரை கரையத் தொடங்குகிறது. "இரண்டு வருடம் நின்ற கரை நல்ல மழைக்குப் போய்விட்டது" என்று உழவர்கள் சொல்லும்போது, மழையின் அளவை மட்டும் பார்க்காமல் மழைநீரின் தூய்மையையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

நல்ல மண்ணும் களராக மாறுவதுண்டு. ஆழ்குழாய்க் கிணற்று நீரில் பைகார்பனேட் மிகுந்திருந்தால், அது மண்ணிலுள்ள கால்சியத்தைச் சுண்ணாம்புச் சுக்கானாகப் படியவைத்துவிடும். காலியான இடத்தில் சோடியம் ஏறிக்கொள்ளும். எஞ்சிய சோடியம் கார்பனேட் 2.5 மில்லி ஈக்விவலண்டுக்கு மேல் உள்ள நீர் பாசனத்துக்கு ஏற்றதன்று என்று சொல்லுவது இதனால்தான். இத்தகைய நீரைப் பல ஆண்டுகள் பாய்ச்சிய வயலின் மேல்மண்ணைக் கரைக்கு எடுக்க வேண்டாம். "மண்ணில் சுக்கான் நிறைய இருக்கிறதே, சுண்ணாம்பு போதாதா?" என்று சிலர் கேட்பதுண்டு. கார நிலை 9-ஐ நெருங்கிய மண்ணில் சுக்கான் கரைவதில்லை. கரையாத கால்சியம் களிக்குப் பயன்படாது.

துளை வளரும் விதம்

மணல் கலந்த கரையில் அரிப்பு, நீர் வெளியேறும் பக்கத்தில் தொடங்கிப் பின்னோக்கி மெல்ல நகரும். அதைக் கண்டு அடைக்க நேரம் கிடைக்கும். சோடியக் களிக்கரையில் அப்படியன்று. கரை காய்ந்தபோது விழுந்த மயிரிழை வெடிப்பு, சரியாக இறுக்கப்படாத இரண்டு மண் அடுக்குகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, குழாயின் அடிப்பக்கம் என ஏதோ ஒரு வழியில் நீர் நுழைந்தால் போதும். அந்த வழியின் சுவர் முழுவதும் ஒரே நேரத்தில் கரையும். கால்சியக் களியில் இதே வெடிப்பு விழுந்திருந்தால் களி ஊறிப் பொங்கி வெடிப்பைத் தானே மூடிக்கொள்ளும். சோடியக் களியில் பொங்கிய களி நிற்காமல் நீரோடு போய்விடுகிறது.

ஆஸ்திரேலியாவில் 1960-களில் பண்ணைகளில் கட்டிய சிறு மண் அணைகள் பல இவ்வாறு துளைபட்டு உடைந்ததை ஆராய்ந்தபோதுதான் பொறியியலார் இதைத் தெளிவாக உணர்ந்தனர். அமெரிக்காவில் ஓக்லஹோமா, மிசிசிப்பி மாநிலங்களிலும் இதே அனுபவம் ஏற்பட்டது. உடைந்தவற்றில் பெரும்பாலானவை முதன்முறை நீர் நிரம்பியபோதே உடைந்தவை. ஆகவே புதுக்குட்டையில் முதல் நீர் நிரம்பும்போது, முடிந்தவரை சிறிது சிறிதாக நிரம்புமாறு வரத்து வாய்க்காலைக் கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் காலையும் மாலையும் கரையின் வெளிப்பக்கத்தைச் சுற்றி வாருங்கள். கசியும் நீர் தெளிவாக இருந்தால் அவசரமில்லை. கலங்கி வந்தால் உடனே நீரை வடித்துவிட வேண்டும்.

தம்ளர் சோதனை

கரைக்கு மண் எடுக்கும் முன்பு வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உள்ளது. ஆஸ்திரேலிய மண்ணியல் அறிஞர் எமர்சன் 1967-ஆம் ஆண்டில் வெளியிட்ட முறையை ஒட்டியது இது. செலவு என்று சொல்ல ஒன்றும் இல்லை.

அடிப்பாகம் தெளிவாகத் தெரியும் கண்ணாடித் தம்ளரில் மழைநீரோ, மின்கலத்துக்கு ஊற்றும் வாலை வடிநீரோ எடுத்துக்கொள்ளுங்கள். கிணற்று நீர் கூடாது. அதிலுள்ள உப்பு உண்மையை மறைத்துவிடும் என்பதை மேலே கண்டோம். மண் எடுக்கும் இடத்தில், எடுக்கவிருக்கும் ஆழத்திலிருந்து சுண்டைக்காய் அளவு கட்டி ஒன்றை உடைத்து மெதுவாக நீரில் இடுங்கள். தம்ளரை அசைக்காமல் வையுங்கள். பத்து நிமிடத்தில் ஒரு முறை, இரண்டு மணி நேரத்தில் ஒரு முறை, மறுநாள் காலை ஒரு முறை பாருங்கள்.

கட்டி உதிர்ந்து குவியலாகி, சுற்றியுள்ள நீர் தெளிவாகவே இருந்தால் அது வெறும் உதிர்தல். உள்ளிருந்த காற்று வெளியேறுவதால் நிகழ்வது, கரைதல் அன்று. கட்டியைச் சுற்றிப் பால் சிந்தியது போன்ற வெண்புகை கிளம்பித் தம்ளரின் அடியில் பரவினால் அது சோடியக் களி. பத்து நிமிடத்துக்குள் புகை பரவிவிட்டால் அந்த மண்ணைத் திருத்தாமல் கரைக்குப் பயன்படுத்தவே கூடாது.

புகை எழவில்லை என்றால் சோதனை முடிந்ததாகக் கொள்ள வேண்டாம். அதே மண்ணைச் சிறிது நீர் விட்டுப் பிசைந்து, உருண்டையாக உருட்டி மீண்டும் நீரில் இடுங்கள். சில மண்கள் கிடந்த நிலையில் கரையாமல், பிசைந்தபின் கரையும். கரை போடும்போது மண்ணை வெட்டி, நனைத்து, மிதித்து, இடித்துத்தானே போடுகிறோம்? எனவே இந்த இரண்டாம் சோதனை அவசியம். இரண்டிலும் தேறிய மண்ணிலும் சில தப்பிவிடுவதுண்டு. ஆகையால் பெரிய குட்டையானால் மண் பரிசோதனை நிலையத்துக்கும் மாதிரி அனுப்பி, பரிமாற்ற சோடியத்தின் சதவிகிதத்தைக் கேட்டுப் பெறுங்கள்.

புகை எழுந்த மண்ணுக்கு மற்றொரு தம்ளரில் ஒரு சிட்டிகை ஜிப்சம் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் இறுத்து, அதில் இன்னொரு கட்டியை இட்டுப் பாருங்கள். புகை எழாது. உங்கள் கரைக்கு மருந்து எது என்பது கண்ணுக்கு நேரே தெரிந்துவிடும்.

தம்ளர் இல்லாமலே சொல்லும் அடையாளங்களும் உண்டு. பக்கத்துப் பழைய குட்டையில் நீர் வாரக்கணக்கில் தெளியாமல் செம்பால் நிறத்திலேயே நிற்பது. ஓடைக்கரையில் மேலிருந்து கீழே செங்குத்தாக மழைத் துளைகள் இறங்கியிருப்பது. மண் எடுத்த பள்ளத்தின் சரிவில் விரல்விரலாக ஆழமான அரிப்புத் தடங்கள். இவற்றைக் கண்டால் ஐயம் கொள்ளுங்கள்.

உப்புப் போனதால் ஓடிய நிலம்

களியின் உறுதி அதிலுள்ள உப்பைச் சார்ந்தது என்பதற்கு உலகம் அறிந்த சான்று நார்வே நாட்டில் உண்டு. நம் மண்ணுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் நடந்தது ஓர் உழவரின் நிலத்தில் என்பதால் இங்கே குறிப்பிடுகிறேன்.

பனியுகம் முடிந்த காலத்தில், ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன், அங்கே களி கடலுக்குள் படிந்தது. கடல்நீரின் உப்பினால் துகள்கள் திரண்டு, சீட்டுக்கட்டு வீடுபோல இடைவெளியுடன் அடுக்கப்பட்டன. பின்னர் நிலம் மெல்ல உயர்ந்து கடலுக்கு வெளியே வந்தது. மழையும் ஊற்றுநீரும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அதன் வழியே இறங்கி உப்பைக் கழுவிவிட்டன. அடுக்கு மட்டும் அப்படியே நின்றது. பிடித்திருந்த உப்பு இல்லை. அசைக்காத வரை அந்த மண் உறுதியாகவே இருக்கும். அசைத்தால் நீராக ஓடும். இந்தக் காரணத்தை விளக்கியவர் ரோசன்க்விஸ்ட் என்னும் நார்வே அறிஞர்.

1978-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் நாள், ரிஸ்ஸா என்னும் ஊரில் ஒரு பண்ணையில் தொழுவத்தை விரிவாக்கத் தோண்டிய மண்ணை ஏரிக்கரையோரம் கொட்டினார்கள். கொட்டிய மண் 700 கன மீட்டர் அளவே. அந்தப் பாரத்தில் கரையோரம் சரிந்தது. அந்தச் சரிவு அடுத்த பகுதியை இழுத்தது. இப்படியே தொடர்ந்து 33 ஹெக்டேர் நிலம், வீடுகளும் பண்ணைகளுமாக, ஏரிக்குள் ஓடிப்போயிற்று. ஒருவர் உயிரிழந்தார். 2020 டிசம்பர் 30-இல் அதே நாட்டில் யெர்ட்ரம் என்னும் ஊரிலும் இத்தகைய களி ஓடி, பத்துப் பேர் மாண்டனர்.

இதற்குப் பரிகாரமாக அந்நாட்டார் செய்து பார்த்த முறைகளில் ஒன்று நமக்குச் சுவையாக இருக்கும். டிராண்ட்ஹைம் நகரை அடுத்த டிராக்வோல் என்னுமிடத்தில் நிலத்தில் குழாய் இறக்கி, பொட்டாசியம் குளோரைடை ஊட்டினார்கள். அதாவது, நாம் நெல்லுக்கு இடும் அதே மூரியேட் ஆப் பொட்டாஷ்! பொட்டாசியம் பரவிய இடத்தில் களி மீண்டும் உறுதி பெற்றது.

ஜிப்சம் எவ்வளவு?

களர் நிலத்தைத் திருத்த ஜிப்சம் இடுவது உழவர்களுக்குத் தெரிந்ததே. கரைக்கும் அதுவே ஏற்றது. ஜிப்சத்தில் உள்ள கால்சியம் நீரில் கரைந்து களிமேல் ஏறுகிறது. வெளியேறிய சோடியம் சல்பேட்டாகி நீரோடு போய்விடுகிறது. ஆனால் அளவு தெரியாமல் கைப்பிடி கைப்பிடியாகத் தூவுவதால் பயன் இல்லை. கணக்கிட்டுப் பார்ப்போம்.

ஒரு மண்ணின் அயனிப் பரிமாற்றத் திறன் 100 கிராமுக்கு 30 மில்லி ஈக்விவலண்ட், அதில் 25 சதவிகிதம் சோடியம் என்று பரிசோதனை அறிக்கை வந்ததாகக் கொள்வோம். சோடியம் 7.5 ஆகிறது. இதை 5 சதவிகிதத்துக்கு, அதாவது 1.5-க்குக் குறைக்க வேண்டுமானால் 6 மில்லி ஈக்விவலண்டை வெளியேற்ற வேண்டும். ஒன்றுக்கு 86 மில்லி கிராம் தூய ஜிப்சம் வீதம் 516 மில்லி கிராம் தேவை. அதாவது மண்ணின் எடையில் அரை சதவிகிதம். கடையில் கிடைக்கும் ஜிப்சம் 70 சதவிகிதத் தூய்மை என்றால் முக்கால் சதவிகிதம். மண்வெட்டியால் கலக்கும்போது ஒரே சீராகக் கலவாது. எனவே இரட்டிப்பாக்கி ஒன்றரை சதவிகிதம் என்று வைத்துக்கொள்வது நல்லது.

இப்போது 30 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் உயரம், மேலே 1 மீட்டர், அடியில் 7 மீட்டர் அகலமுள்ள கரையைப் பாருங்கள். மொத்தம் 180 கன மீட்டர். கன மீட்டருக்கு 1.6 டன் வீதம் 288 டன் மண். ஒன்றரை சதவிகிதம் என்றால் 4.3 டன் ஜிப்சம், 50 கிலோ மூட்டைகள் 86. சிறு உழவரால் இது ஆகாது. ஆக வேண்டியதும் இல்லை. நீர்ப்பக்கச் சரிவிலும் கரையின் மேற்புறத்திலும் 30 செ.மீ. கனத்துக்கு மட்டும் ஜிப்சம் கலந்த மண்ணைப் போட்டால் போதும். சரிவு 100 சதுர மீட்டர், மேற்புறம் 30 சதுர மீட்டர். 39 கன மீட்டர் மண், 62 டன். தேவையான ஜிப்சம் ஏறக்குறைய 940 கிலோ; 19 மூட்டை. உள்ளே நுழையும் நீர் இந்தப் போர்வையைக் கடக்கும்போதே கால்சியத்தைக் கரைத்து எடுத்துக்கொண்டு செல்வதால், உள்மண்ணும் ஓரளவு காப்புப் பெறுகிறது.

மண்ணைக் கட்டியில்லாமல் உடைத்து, ஜிப்சத்தைப் பரப்பி, இரண்டு முறை வெட்டிப் புரட்டிக் கலக்க வேண்டும். பின்பு நீர் தெளித்து, 15 செ.மீ. அடுக்காகப் போட்டு இடித்து இறுக்க வேண்டும். கையில் பிடித்து அமுக்கினால் உருண்டை பிடித்து, கையில் ஈரம் ஒட்டாத பதம் சரியானது. காய்ந்த கட்டிகளை அப்படியே கொட்டி மேலே மட்டும் இடிப்பதுதான் நம் கரைகளில் நான் அடிக்கடி காணும் குறை. அப்படிப் போட்ட கரையில், எவ்வளவு ஜிப்சம் இட்டாலும் கட்டிகளுக்கு இடையே நீர் வழி காணும்.

கரையை ஊடுருவிக் குழாய் பதிப்பதைக் கூடியவரை தவிர்க்கவும். பதித்தே ஆக வேண்டுமானால், குழாயின் வெளிப்பக்கக் கடைசிப் பகுதியைச் சுற்றிச் சுத்தமான சன்னமான ஆற்று மணலைப் போட்டு, வாயில் சரளை வைத்து அணைக்கவும். குழாயை ஒட்டிக் கரைந்து வரும் களி மணலின் முகத்தில் படிந்து தன் வழியைத் தானே அடைத்துக்கொள்ளும். அமெரிக்கப் பொறியாளர் ஷெரார்ட் செய்த சோதனைகள் இதை உறுதிப்படுத்தியுள்ளன. கரை முடிந்ததும் மேலே சோடியமில்லாத செம்மண்ணை ஒரு சாண் கனத்துக்குப் போர்த்தி, அருகம்புல்லோ வெட்டிவேரோ நட்டுவிட்டால் கரை காய்ந்து வெடிப்பது குறையும்.

சுண்ணாம்பும் கரிசலும்

நீற்றிய சுண்ணாம்பு ஜிப்சத்தைவிட வலிவானது. அது கால்சியம் தருவதோடு நில்லாமல், களியோடு வினைபுரிந்து நாளடைவில் சிமெண்ட் போன்ற பிணைப்பையும் உண்டாக்குகிறது. எடையில் 2 முதல் 4 சதவிகிதம் கலந்த களி, நீரில் கரைவதை விட்டுவிடும். ஆனால் சுண்ணாம்பு கலந்த மண்ணில் புல் எளிதில் பிடிக்காது. கலக்கும் ஆட்களின் கையையும் கண்ணையும் பாதிக்கும். பயிர் நிலத்துக்கு இந்த அளவில் இதை நினைக்கவே வேண்டாம். களரின் காரத்தை மேலும் கூட்டும். மற்றொன்று: ஜிப்சமும் சுண்ணாம்பும் இரண்டுமே நல்லவை என்று ஒன்றாகக் கலந்துவிட வேண்டாம். ஜிப்சத்தின் சல்பேட்டும் சுண்ணாம்பும் களியின் அலுமினியமும் சேர்ந்து, நீர் ஏறிப் பருக்கும் ஒரு கனிமத்தை உண்டாக்கும். இறுகிய மண் அதனால் பிளந்து தூக்கிக்கொள்ளும்.

கரிசல் நிலத்தில் களம் அமைப்பவர்களுக்கும் தொழுவம், கிணற்றுமேடை கட்டுபவர்களுக்கும் சுண்ணாம்பு பயன்படும். கரிசலின் பொங்கலை அது அடக்கும். சுண்ணாம்பு இல்லாமல் செய்யும் ஒரு முறையை மும்பை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் கட்டி வகுத்தளித்தார். கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டு, ஒட்டும் தன்மையுள்ள ஆனால் பொங்காத செம்மண் போன்ற மண்ணை ஏறக்குறைய ஒரு மீட்டர் கனத்துக்கு இட்டு இறுக்குவதே அம்முறை. கர்நாடகத்தின் மலப்பிரபா கால்வாயில் இது கையாளப்பட்டது. வெறும் மணலைக் கொட்டி நிரப்புவதை நம் ஊர்க் கொத்தனார்கள் சிலர் விரும்புகிறார்கள். மணல் நீரைக் கீழே தேக்கி வைத்து, கரிசலை மேலும் பொங்கச் செய்யும் என்பதால் அது நல்லதன்று.

குட்டையின் அடியில் மட்டும் சோடியம்

இவ்வளவு நேரம் பகையாகச் சொல்லிவந்த சோடியத்துக்கும் ஒரு பயன் உண்டு. நீர் நிற்காமல் அடியில் இறங்கிவிடும் குட்டைகளில், களித்துகள்களைப் பிரித்து, அவை மண்ணின் இடுக்குகளை அடைக்குமாறு செய்ய, சோடா உப்பு என்னும் சோடியம் கார்பனேட்டை இடும் வழக்கம் அமெரிக்கப் பண்ணைகளில் இருந்து வருகிறது. சதுர மீட்டருக்கு அரை முதல் ஒரு கிலோ வரை இட்டு, 15 செ.மீ. ஆழத்துக்குக் கலந்து இறுக்குகிறார்கள். மண்ணில் களி 15 சதவிகிதமாவது இருந்தால்தான் இது பலிக்கும். மணற்பாங்கான செம்மண்ணில் வீண் செலவு. அங்கே பென்டோனைட் களியோ, விரிப்போதான் வழி. சோடா உப்பு இடுவதானால் அது குட்டையின் தட்டையான அடிப்பகுதியோடு நிற்கட்டும். கரையின்மேல் ஒரு பிடிகூடப் படக் கூடாது. குட்டை நீரைத் தென்னைக்கும் காய்கறிக்கும் பாய்ச்சுகிறவர்கள், முதல் நிரப்பின் நீரைப் பரிசோதித்த பிறகே பாய்ச்ச வேண்டும். என் கருத்தில், நம் சிறு உழவர்கள் இதை நாடுவதற்கு முன்பு, குட்டையின் அடியை நனைத்து, மாடு கட்டி மிதிக்கவிட்டு, வண்டல் படிய ஒரு பருவம் பொறுத்துப் பார்ப்பதே மேல்.

மண் மாதிரி எடுக்கும்போது

பயிருக்கு மாதிரி எடுப்பதுபோல் மேல் 15 செ.மீ. மண்ணை மட்டும் எடுத்து அனுப்ப வேண்டாம். களர்த்தன்மை பல நிலங்களில் கீழே செல்லச் செல்லக் கூடும். குட்டை தோண்டும்போது அந்த அடிமண்தான் கரையின்மேல் ஏறுகிறது. எனவே ஒவ்வொரு அரை மீட்டர் ஆழத்துக்கும் ஒரு மாதிரி, தனித்தனித் துணிப்பையில், ஆழத்தை எழுதிக் கட்டி அனுப்புங்கள். கார அமில நிலை, மின் கடத்தும் திறன், பரிமாற்ற அயனிகள் மூன்றும் வேண்டும் என்றும், "பண்ணைக்குட்டைக் கரைக்காக" என்றும் சீட்டில் குறிப்பிடுங்கள். கிணற்று நீரைக் குட்டையில் தேக்கும் எண்ணம் இருந்தால் ஒரு லிட்டர் நீரையும் சுத்தமான புட்டியில் உடன் அனுப்பலாம். வெவ்வேறு ஆழங்களில் ஒன்று நல்ல மண்ணாகவும் மற்றொன்று களராகவும் வந்தால், களர் மண்ணைக் கரையின் நடுவிலோ வெளிப்பக்கத்திலோ இடாமல் தனியே ஒதுக்கிவிட்டு, நல்ல மண்ணைத் தனியே குவித்து வைத்துக் கரை போடும்படி மண் வெட்டும் எந்திரக்காரரிடம் தோண்டத் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். குவியல் கலந்த பிறகு பிரிக்க முடியாது.